நிரம்பி வழியும் ஐசியூ: எத்தனை பேரைத் திருப்பி அனுப்ப நேரும், எந்த முறையில் கணக்கிடுவது?

முதல் பிரிவில் இடமில்லை என்றால் நோயாளி உபரிப் பிரிவுக்குப் போகிறார். அங்கேயும் இடமில்லை என்றால் வேறு மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார். அப்படி எத்தனை பேர் திருப்பப்படுவார்கள் என்று முன்கூட்டியே மதிப்பிட வேண்டும். இதற்கு நாலைந்து முறைகள் உண்டு. எதை எடுப்பது என்பதில்தான் திட்டமிடுபவர்கள் தடுமாறுகிறார்கள். ஐசியூவில் இந்தத் தடுமாற்றம் இன்னும் அதிகம். பெரும்பாலோர் இரண்டு மூன்று நாளில் கிளம்பிவிடுவார்கள், சிலர் மட்டும் மூன்று நான்கு வாரம் இருப்பார்கள். இவ்வளவு ஏற்ற இறக்கம் உள்ள இடத்தில் பழைய டெலிபோன் சூத்திரங்களை நம்பலாமா என்ற சந்தேகம் நியாயமானது.

நம்பலாம், ஆனால் எல்லாச் சூத்திரத்தையும் அல்ல. இன்னொன்று, சூத்திரத்தைத் தேர்ந்தெடுப்பதில் செலவழிக்கும் நேரத்தில் பாதியையாவது தங்கும் நாட்களின் சராசரியைச் சரியாக எடுப்பதில் செலவிட வேண்டும். ஏன் என்பதை ஒரே கணக்கை வைத்துக் காட்டுகிறேன்.

எடுத்துக்கொள்ளும் கணக்கு

இரண்டு ஐசியூக்கள், ஒவ்வொன்றிலும் 10 படுக்கை. ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்குச் சராசரியாக 2 நோயாளிகள் வருகிறார்கள், சராசரியாக 4 நாள் தங்குகிறார்கள். இரண்டையும் பெருக்கினால் ஒவ்வொன்றின் சுமை 8 எர்லாங், அதாவது யாரையும் திருப்பாவிட்டால் சராசரியாக 8 படுக்கை நிரம்பியிருக்கும். இரண்டுக்கும் பொதுவாக 4 படுக்கை கொண்ட ஓர் உபரி ஐசியூ. காத்திருப்பு கிடையாது, இடம் இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை, அமைப்பு நிஜம். நெதர்லாந்தில் ஒரு வட்டாரத்தின் மருத்துவமனைகள் சேர்ந்து ஐசியூ படுக்கைகளைப் பொதுவாக ஒதுக்கி வைத்தால் என்ன ஆகும் என்று 2008இல் வெளியான ஆய்வு இதே அமைப்பைத்தான் எடுத்துக்கொண்டது. அதில் கையாண்ட முறையும் கீழே வருகிறது.

தங்கும் நாட்களின் மாறுபாட்டுக் கெழு 2 என்று வைத்துக்கொள்வோம், அதாவது திட்டவிலக்கம் சராசரியைப் போல இரண்டு மடங்கு. இதை இரண்டு வகை நோயாளிகளாகப் பிரித்துப் பார்த்தால் படம் தெளிவாகும். சுமார் 89 சதவீதம் பேர் சராசரியாக இரண்டே கால் நாள் தங்குகிறார்கள், மீதி 11 சதவீதம் பேர் சராசரியாகப் பதினேழே முக்கால் நாள். இரண்டு வகையும் படுக்கை நாட்களில் சரிபாதியை எடுத்துக்கொள்கின்றன. வருகிற பத்துப் பேரில் ஒருவர் பாதிப் படுக்கைகளைப் பிடித்து வைத்திருக்கிறார். ஐசியூவில் வேலை பார்க்கும் யாருக்கும் இது புதிதாக இருக்காது.

எதை வைத்துத் தீர்மானிப்பது

நான் பார்ப்பது நான்கு விஷயங்கள். விடை உண்மைக்கு எவ்வளவு பக்கம், முக்கியமாக தவறினால் எந்தப் பக்கம் தவறும்? தடையை, அதாவது வருபவருக்கு இடம் கிடைக்காத நிகழ்தகவை, குறைத்துக் காட்டும் முறை படுக்கை குறைவான ஐசியூவைக் கட்ட வைத்துவிடும், எனவே மேலே தவறுவதைவிடக் கீழே தவறுவது மோசம். தங்கும் நாட்களின் பரவல் மாறினால் விடை எவ்வளவு ஆடும்? என்னென்ன தரவு வேண்டும், அந்தத் தரவு கையில் இருக்குமா? கடைசியாக, வேறொருவர் சரிபார்க்க முடியுமா? நிர்வாகக் கூட்டத்தில் நிதி அதிகாரி ‘இந்த எண் எங்கிருந்து வந்தது’ என்று கேட்டால் ஒரு தாளில் காட்ட முடிய வேண்டும்.

பரவல் எங்கே பாதிக்காது, எங்கே பாதிக்கும்

இது தெரியாமல் முறைகளை ஒப்பிடுவதில் பயனில்லை, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் 1917இல் தந்த சூத்திரம், வருகை பாய்சான் முறையில் (ஒருவர் வருவது இன்னொருவரைச் சாராமல், சராசரி வேகம் மாறாமல்) இருந்து காத்திருப்பு இல்லாவிட்டால் தடை எவ்வளவு என்று சொல்கிறது. சேவை நேரத்தின் சராசரி மட்டும்தான் அந்தத் தடையைத் தீர்மானிக்கிறது, பரவலின் வடிவம் அல்ல என்பதை 1957இல் செவஸ்தியானோவ் நிரூபித்தார். ஆக, நம் முதல் ஐசியூக்களில் இடம் கிடைக்காத நிகழ்தகவு 12.2 சதவீதம். எல்லோரும் சரியாக நாலு நாள் இருந்தாலும் அதேதான், மேலே சொன்ன இரண்டு வகையாக இருந்தாலும் அதேதான்.

பலர் கவனிக்காத அடுத்த படி ஒன்று உண்டு. ஒரே ஒரு ஐசியூ, அதற்கென்றே ஓர் உபரிப் பிரிவு, இரண்டிலும் தங்கும் நாட்களின் பரவல் ஒன்றே என்றால், உபரிப் பிரிவின் தடையும் பரவலைப் பொறுத்ததல்ல. காரணம் எளிது. 10 படுக்கையும் 4 உபரிப் படுக்கையும் சேர்ந்து 14 படுக்கை. 14ம் நிரம்பியிருக்கும்போது வருபவர் மட்டுமே திருப்பப்படுகிறார், எந்தப் படுக்கை முதலில் நிரம்பியது என்பது அதில் நுழைவதில்லை. 14 படுக்கைக்கான எர்லாங் தடையை 10 படுக்கைக்கான தடையால் வகுத்தால் விடை வந்துவிடும். 8 எர்லாங் சுமைக்கு அது 14.2 சதவீதம். தோராயம் எதுவும் இல்லாத, துல்லியமான எண். மற்ற முறைகளை உரசிப் பார்க்க இதையே பயன்படுத்துவேன்.

பரவல் உள்ளே நுழைவது இரண்டு ஐசியூக்கள் ஒரே உபரிப் பிரிவைப் பங்கிடும்போது. ஓர் ஐசியூவில் நீண்ட நாள் நோயாளிகள் சேர்ந்து வாரக்கணக்கில் அடைத்துக்கொண்டால், அங்கிருந்து வழிபவர்களே உபரியை நிரப்புவார்கள். பக்கத்து ஐசியூவில் காலி இருந்தாலும் உதவாது. இப்போது 24 படுக்கையும் ஒரே குழு என்று சொல்ல முடியாது, மேலே சொன்ன வாதம் உடைகிறது. உபரிப் பிரிவில் தங்கும் காலம் வேறாக இருந்தாலும் உடைகிறது.

வருபவர்களைக் காத்திருக்க வைக்கும் அமைப்பு இருந்தால் கதையே வேறு. ஒரே சேவையிடம் உள்ள வரிசையில் சராசரிக் காத்திருப்பு, மாறுபாட்டுக் கெழுவின் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்ணுக்கு ஏற்ப வளர்கிறது. கெழு 1இலிருந்து 2க்குப் போனால் காத்திருப்பு இரண்டரை மடங்கு. அங்கே இந்தக் கட்டுரையின் முறைகளை எடுத்துப்போக வேண்டாம்.

முறை 1: உபரிக்கும் எர்லாங் சூத்திரமே

ஒவ்வொரு ஐசியூவிலிருந்தும் 0.97 எர்லாங் வழிகிறது, இரண்டும் சேர்ந்து 1.95. அதை 4 படுக்கைக்கு எர்லாங் சூத்திரத்தில் போட்டால் 9.0 சதவீதம் வருகிறது. எக்செல் ஷீட்டில் ஒரு வரி வேலை. நடைமுறையில் பார்க்கும் பல திட்ட அறிக்கைகளில் இருப்பதும் இதுதான்.

இந்த விடை தவறு. கொஞ்சம் தவறு என்றால்கூடப் பரவாயில்லை, இப்படி ஒரு விடை வரவே முடியாது. 24 படுக்கையையும் ஒன்றாகச் சேர்த்து யார் வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் படுக்கலாம் என்று விட்டால் அதுதான் மிகச் சிறந்த ஏற்பாடு. அதில் 16 எர்லாங் சுமைக்கு மொத்த வருகையில் 1.47 சதவீதம் பேர் திருப்பப்படுவார்கள். முறை 1இன் விடையை மொத்த வருகைக்கு மாற்றினால் 1.09 சதவீதம். சுவர் போட்டுப் பிரித்த அமைப்பு, சுவரே இல்லாத அமைப்பைவிட நன்றாக வேலை செய்கிறது என்று சொல்கிறது!

ஏன் இப்படி? வழிபவர்கள் சீராக வருவதில்லை. ஐசியூ நிரம்பியிருக்கும் சில நாட்களில் கும்பலாக வருகிறார்கள், மற்ற நாட்களில் ஒருவரும் வருவதில்லை. எர்லாங் சூத்திரம் சீரான பாய்சான் வருகையை எதிர்பார்க்கிறது. உரைகல்லில் வைத்துப் பார்த்தால் இன்னும் மோசம்: துல்லிய விடை 14.2 இருக்கும் இடத்தில் இது 1.4 சதவீதம் என்கிறது, பத்தில் ஒரு பங்கு. எந்தச் சூழ்நிலையிலும் இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் பிரிவுக்கு மட்டும் சரி.

முறை 2: ஹேவர்ட் தோராயம்

கும்பலாக வருவதை ஒரே எண்ணில் அடக்கலாம். வழிபவர்கள் எல்லோரையும் எல்லையற்ற படுக்கை உள்ள கற்பனைப் பிரிவில் ஏற்றினால் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதன் விலக்க வர்க்கச் சராசரியை அதன் சராசரியால் வகுக்க வேண்டும். இதைக் கூர்மை எண் என்று அழைப்போம். பாய்சான் வருகைக்கு அது 1. நம் வழிவுக்கு 2.04.

பெல் ஆய்வகத்தின் ஹேவர்ட் சொன்ன வழி இது: சுமையையும் படுக்கை எண்ணிக்கையையும் கூர்மை எண்ணால் வகுத்துவிட்டு எர்லாங் சூத்திரத்தில் போடு. இதை விரிவாக ஆராய்ந்து 1980இல் வெளியிட்டவர் ஃப்ரெடெரிக்ஸ். நம் கணக்கில் 1.96 படுக்கை, 0.954 எர்லாங். முழு எண் அல்லாத படுக்கைக்கு எர்லாங் விடைகளின் மடக்கைகளுக்கு நடுவே இடைச்செருகிக் கணக்கிடலாம். விடை சுமார் 19.7 சதவீதம்.

வேகம், எளிமை, வேறொருவர் சரிபார்க்கும் வசதி மூன்றிலும் இதற்கு நல்ல மதிப்பெண். ஆனால் சிறிய பிரிவுகளில் கீழே இழுக்கிறது, இதை அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும். உரைகல் கணக்கில் 14.2க்குப் பதில் 7.6 என்கிறது. 16 படுக்கைக்கு 16 எர்லாங் சுமை, உபரி 4 என்று வைத்தால் துல்லிய விடை 36.7, ஹேவர்ட் 32 சொல்கிறது, அங்கே பரவாயில்லை. பிரிவு பெரிதாகவும் தடை அதிகமாகவும் இருந்தால் நெருங்கும், சின்னப் பிரிவில் தடை குறையக் குறைய விலகும். துரதிர்ஷ்டவசமாக ஐசியூ திட்டமிடுபவர் நிற்பது இரண்டாவது இடத்தில். நூற்றுக்கணக்கான இணைப்புகள் உள்ள டெலிகாம் அல்லது பெரிய கால் சென்டர் என்றால் தயங்காமல் எடுக்கலாம்.

மறைந்திருக்கும் ஆபத்து ஒன்றும் உண்டு. ‘நம்மிடம் உண்மைத் தரவு இருக்கிறதே, கூர்மை எண்ணை அதிலிருந்தே அளந்துவிடலாம்’ என்று தோன்றும். கவனம் வேண்டும். பரவல் மாறினால் கூர்மை எண் மாறும், தடை மாறாமலே இருக்கலாம். ஒரே படுக்கை, 1 எர்லாங் சுமை, உபரி ஒரு படுக்கை என்ற குட்டிக் கணக்கைக் கையால் போட்டுப் பார்க்கலாம். தங்கும் நேரம் அடுக்குக்குறிப் பரவலாக, அதாவது எக்ஸ்பொனென்ஷியலாக இருந்தால் கூர்மை எண் 1.17. எல்லோரும் சரியாக ஒரே நேரம் தங்கினால் 1.24. உபரியில் உண்மையான தடையோ இரண்டிலும் 40 சதவீதம். அளந்த கூர்மை எண்ணைப் போட்டால் மாறாத ஒன்றை மாறியதாகக் காட்டும். அதனால் அளந்ததை விட்டுவிட்டு, அடுத்த முறையில் விளக்கும் ரியர்டன் சூத்திரத்திலிருந்து வரும் கூர்மை எண்ணையே பயன்படுத்துங்கள்.

முறை 3: வில்கின்சனின் ஈடுசெய் முறை

இதே பெல் ஆய்வகத்தில் வில்கின்சன் 1956இல் வெளியிட்ட முறை. பல பிரிவுகளிலிருந்து வழியும் கூட்டத்தை, ஒரே ஒரு கற்பனைப் பிரிவிலிருந்து வழிந்ததாக எடுத்துக்கொள்கிறது. அந்தக் கற்பனைப் பிரிவின் சுமையும் படுக்கை எண்ணிக்கையும், வழிவின் சராசரியும் விலக்க வர்க்கச் சராசரியும் பொருந்தும்படி தேர்ந்தெடுக்கப்படும். வழிவின் விலக்க வர்க்கச் சராசரிக்கு ரியர்டன் தந்த சூத்திரம் இதற்கு அடித்தளம்.

கணக்கை நடத்திப் பார்ப்போம். ஒவ்வொரு ஐசியூவின் வழிவுச் சராசரி 0.973. ரியர்டன் சூத்திரப்படி, படுக்கை எண்ணிக்கையோடு 1ஐயும் வழிவுச் சராசரியையும் கூட்டிச் சுமையைக் கழித்தால் 3.973. சுமை 8ஐ அதால் வகுத்து, 1ஐக் கூட்டி, வழிவுச் சராசரியைக் கழித்தால் 2.04, இதுதான் கூர்மை எண். வழிவுச் சராசரியால் பெருக்கினால் விலக்க வர்க்கச் சராசரி 1.986. இரண்டு ஐசியூவுக்கும் சேர்த்துச் சராசரி 1.947, விலக்க வர்க்கச் சராசரி 3.971.

அடுத்து எரிக்ஸன் நிறுவனத்தின் ராப் தந்த குறுக்குவழி. ஈடான சுமை என்பது விலக்க வர்க்கச் சராசரியோடு, கூர்மை எண்ணையும் அதில் ஒன்று குறைந்ததையும் பெருக்கி மூன்று மடங்காக்கிக் கூட்டினால் வருவது: 10.34 எர்லாங். ஈடான படுக்கைக்கு, சராசரியையும் கூர்மை எண்ணையும் கூட்டிய தொகையை அதில் ஒன்று குறைந்ததால் வகுத்து, ஈடான சுமையால் பெருக்கி, சராசரியையும் ஒன்றையும் கழிக்க வேண்டும்: 10.85. இதோடு உபரி 4ஐச் சேர்த்து 14.85 படுக்கை, 10.34 எர்லாங் என்று எர்லாங் சூத்திரத்தில் போட்டால் 0.479 எர்லாங் வெளியே போகிறது. வழிந்தவர்களில் சுமார் 25 சதவீதம், மொத்த வருகையில் 3.0 சதவீதம்.

ஒரே ஐசியூ என்றால் இந்த முறை வரையறைப்படியே துல்லியம், உரைகல்லில் தானாகத் தேறிவிடும். முன்பு சொன்ன நெதர்லாந்து ஆய்வில் கையாண்டதும் இதுதான். பல பிரிவு, ஒரு உபரி என்ற அமைப்புக்கு நான் முதலில் எடுப்பது இந்த முறை.

இதன் செலவு எங்கே? கற்பனைப் பிரிவிலும் நிஜத்திலும் தங்கும் நேரம் ஒரே பரவல் என்பது உள்ளடங்கிய அனுமானம். இதய அறுவை சிகிச்சை ஐசியூவில் இரண்டு நாளும் மூளைக் காய ஐசியூவில் பன்னிரண்டு நாளும் என்றால் இரண்டையும் ஒரே வழிவாகக் கூட்டக் கூடாது. இன்னொன்று, இது இரண்டு ஐசியூவின் வழிவுக்கும் சேர்த்து ஒரே தடையைத் தருகிறது. எந்த ஐசியூ நோயாளி அதிகம் திருப்பப்படுகிறார் என்ற கேள்விக்குத் தனியாக வேலை செய்ய வேண்டும்.

வழிவை விட்டு விட்டு வரும் பாய்சான் ஓட்டமாகப் பார்க்கும் குச்சூராவின் 1973ஆம் ஆண்டு முறையும் இருக்கிறது. அடுக்குக்குறிப் பரவலுக்கு அழகாக வேலை செய்யும். ஐசியூ போன்ற பரவலுக்கு அது தரும் கூடுதல் பலன் குறைவு, அதனால் தனித் தலைப்பு கொடுக்கவில்லை.

முறை 4: முழு மார்க்கோவ் கணக்கு

எந்தப் பிரிவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற எல்லா நிலைகளையும் எழுதிச் சமன்பாடுகளைத் தீர்ப்பது. தங்கும் நேரம் அடுக்குக்குறிப் பரவல் என்றால் நம் அமைப்புக்கு 11 × 11 × 5, மொத்தம் 605 நிலைகள். குறுகிய, நீண்ட என்று இரண்டு வகை நோயாளிகளைப் பிரித்தால் ஒவ்வொரு ஐசியூவுக்கும் 66 நிலை, உபரிக்கு 15, பெருக்கினால் 65,340. பயமுறுத்தும் எண்ணாகத் தெரியலாம், சாதாரண லேப்டாப்பே தீர்த்துவிடும்.

சிறிய அமைப்புக்கு இதுவே தங்கம். பரவலின் பாதிப்பைத் தற்செயல் ஏற்ற இறக்கமில்லாமல், தோராயமில்லாமல் காட்டும். எந்த ஐசியூ நோயாளிக்கு எவ்வளவு தடை என்றும் பிரித்துச் சொல்லும். ஐசியூ மூன்றாகி, நோயாளி வகையும் மூன்றானால் நிலைகள் கோடிக்கணக்கில் வெடித்துவிடும். அதுதான் எல்லை. எழுத ஒருவரும் சரிபார்க்க இன்னொருவரும் தேவை, அந்தச் செலவையும் கணக்கில் எடுங்கள்.

முறை 5: சிமுலேஷன்

நோயாளிகள் வந்து போவதைக் கணினியில் போலியாக நடத்திப் பார்ப்பது. எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும். திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும் அறுவை சிகிச்சை, முதல் ஐசியூவில் இடம் வந்ததும் உபரியிலிருந்து திரும்ப மாற்றுவது, வகைக்கொரு தங்கும் காலம் எதையும் போடலாம். வார நாளுக்கேற்ப வருகை மாறும் இடத்தில் பாய்சான் அனுமானமே உடைந்துவிடுவதால், அங்கே வேறு வழியும் அதிகம் இல்லை.

ஆனால் ஓட்டும் காலத்தைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். நம் அமைப்பில் நாளுக்கு 4 பேர் வருகை, 3 சதவீதம் திருப்பம் என்றால் ஆண்டுக்கு 44 பேர் அளவில் திருப்பப்படுவார்கள். ஓராண்டு ஓட்டினால் பிழை குறைந்தது 15 சதவீதம். 2 சதவீதப் பிழைக்கு, திருப்பங்கள் ஒன்றையொன்று சாராமல் நிகழ்ந்தாலே 57 ஆண்டு ஓட்ட வேண்டும். நிஜத்தில் திருப்பங்கள் கும்பலாக வருகின்றன, நீண்ட நாள் நோயாளிகள் அந்தக் கும்பலை இன்னும் நீட்டுகிறார்கள். பல நூறு ஆண்டு ஓட்டம் இயல்பான தேவை. கணினிக்கு அது பெரிய வேலை இல்லை, திட்டமிடும்போது நினைவில் இருந்தால் போதும். முதல் சில ஆண்டுகளைக் காலி ஐசியூவில் தொடங்கியதற்காகக் கழித்துவிட வேண்டும், அதையும் மறக்கக் கூடாது.

எதையும் போடலாம் என்பதே பலவீனமும் ஆகிறது. யாரோ ஒருவர் எழுதிய நிரலில் ஒரு நிபந்தனை தலைகீழாக இருந்தாலும் எண் வந்துகொண்டுதான் இருக்கும். எந்தச் சிமுலேஷனையும் முதலில் ஒரே ஐசியூ, ஒரே உபரி அமைப்பில் ஓட்டி 14.2 வருகிறதா என்று பாருங்கள். பரவலை மாற்றி மறுபடி ஓட்டுங்கள், அப்போதும் 14.2தான் வர வேண்டும். வராவிட்டால் நிரலில் தவறு இருக்கிறது, அல்லது ஓட்டம் போதவில்லை.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| முறை | வழிந்தவர்களில் திருப்பம் | மொத்த வருகையில் | உரைகல்லில் (துல்லியம் 14.2%) | பரவலைக் கணக்கில் கொள்கிறதா |
|---|---|---|---|---|
| எல்லாம் ஒரே குழு (கீழ் வேலி) | 12.1% | 1.47% | – | தேவையில்லை |
| எர்லாங் சூத்திரமே | 9.0% | 1.09% | 1.4% | இல்லை |
| ஹேவர்ட் | 19.7% | 2.4% | 7.6% | இல்லை |
| வில்கின்சன் | 24.6% | 3.0% | 14.2% | இல்லை |
| உபரியை 2 + 2 எனப் பிரித்தால் (மேல் வேலி) | 42.3% | 5.14% | – | தேவையில்லை |
| மார்க்கோவ், சிமுலேஷன் | அமைப்பைப் பொறுத்து | அமைப்பைப் பொறுத்து | 14.2% வர வேண்டும் | ஆம் |

இரண்டு வேலிகளும் எனக்கு மிகப் பிடித்தவை. கீழே எல்லாப் படுக்கையும் ஒன்று, மேலே உபரியை ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக்கொள்வது. இரண்டுமே சாதாரண எர்லாங் கணக்கு, இரண்டின் விடையும் பரவலால் மாறாது. அடுக்குக்குறிப் பரவலில் உண்மையான விடை இவற்றுக்கு நடுவேதான் இருக்க முடியும் என்று நிரூபிக்கலாம். மற்றப் பரவல்களில் இவற்றை நடைமுறைக்கான வேலியாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த முறையின் எண் கையில் வந்தாலும் முதலில் வேலிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

சராசரியில் பத்து சதவீதம் தவறினால்

பரவல் அகலமாக இருப்பதால் வரும் பெரிய பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. சூத்திரம் சராசரியை மட்டும்தான் கேட்கிறது, ஆனால் அந்தச் சராசரியை அளப்பது கடினம். மாறுபாட்டுக் கெழு 2 இருக்கும்போது 400 நோயாளிகளின் பதிவிலிருந்து எடுத்த சராசரியின் திட்டப்பிழை 10 சதவீதம். 2 சதவீதமாக்க 10,000 பேரின் பதிவு வேண்டும். நம் ஐசியூ ஒன்றுக்கு அது 13 ஆண்டுக்கு மேற்பட்ட தரவு.

அந்தப் பத்து சதவீதம் என்ன செய்யும்? சுமை 8க்குப் பதில் 8.8 என்றால் முதல் ஐசியூ தடை 12.2இலிருந்து 15.9க்கு ஏறுகிறது. வில்கின்சன் முறையில் மொத்தத் திருப்பம் 3.0இலிருந்து 5.2 சதவீதம். ஹேவர்டுக்கும் வில்கின்சனுக்கும் உள்ள வித்தியாசம் 0.6தான். சராசரியின் பிழை, முறையின் பிழையை விழுங்கிவிடுகிறது.

இதில் சில நடைமுறைத் திருத்தங்கள் உண்டு. தரவு எடுத்த நாளில் இன்னும் படுக்கையில் இருப்பவர்களை நீக்கிவிட்டுச் சராசரி எடுக்கிறார்கள். நீக்கப்படுபவர்கள் நீண்ட நாள் நோயாளிகள்தான், சராசரி கீழே போய்விடும். 60 நாளுக்கு மேல் இருந்தவரை ‘விதிவிலக்கு’ என்று வெட்டுவதும் அதே தவறு. பாதிப் படுக்கை நாட்கள் அவர்களைப் போன்றவர்களிடம்தான் இருக்கின்றன. படுக்கை கிடைக்காததால் சீக்கிரமே வார்டுக்கு மாற்றப்பட்டவர்களின் தங்கும் நாளும் குறைவாகப் பதிவாகியிருக்கும்.

இன்னொரு குழப்பம், உபரி ஐசியூ நிரம்பியிருந்த நேரத்தைத் தடை என்று எடுத்துக்கொள்வது. வழிபவர்கள் வருவதே நெருக்கடி நாட்களில்தான். அவர்கள் பார்க்கும் தடை, கடிகாரம் காட்டும் நிரம்பிய நேரத்தைவிட அதிகம். பதிவேட்டில் ‘நாளில் எத்தனை மணி நேரம் நிரம்பியிருந்தது’ என்ற எண்ணை வைத்துச் சூத்திரத்தைச் சரிபார்க்கக் கூடாது, திருப்பப்பட்டவர்களையே எண்ண வேண்டும்.

யாருக்கு எது

ஒரே ஐசியூ, அதற்கென ஓர் உபரி, இரண்டிலும் ஒரே மாதிரி நோயாளிகள்: எந்தத் தோராயமும் வேண்டாம், இரண்டு எர்லாங் எண்களை வகுத்தால் முடிந்தது. பரவல் எவ்வளவு அகலமாக இருந்தாலும் சரி.

சில ஐசியூக்கள், ஒரு பொது உபரி, தங்கும் நாட்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி: வேலிகள் இரண்டையும் போட்டு, நடுவே வில்கின்சன். சராசரியை ஒரு திட்டப்பிழை மேலேற்றி இன்னொரு முறை ஓட்டி, இரண்டு விடையையும் சேர்த்தே நிர்வாகத்திடம் கொடுங்கள். எங்கள் கணக்கில் அது ‘3 முதல் 5 சதவீதம்’ என்று போகும். ஒரு தசமப் புள்ளியோடு ஒரே எண் கேட்டால் மறுத்துவிடுவது நல்லது.

பெரிய கால் சென்டர், டெலிகாம் வழித்தடங்கள், நூற்றுக்கணக்கான இடங்கள், அடிக்கடி மறுகணக்கு: ஹேவர்ட். வேகம் அங்கே உண்மையாகவே தேவை.

ஐசியூக்களின் தங்கும் காலம் வெவ்வேறு, அல்லது எந்த நோயாளி அதிகம் பாதிக்கப்படுகிறார் என்பதே கேள்வி: அமைப்பு சிறியதானால் மார்க்கோவ், பெரியதானால் சிமுலேஷன். வார நாள் அட்டவணை, திரும்ப மாற்றுவது போன்ற விதிகள் இருந்தால் நேராகச் சிமுலேஷனுக்குப் போங்கள், உரைகல் சோதனையை முடித்த பிறகு.

உபரி ஐசியூவுக்கு வழிபவர்களோடு நேரடியாகவும் நோயாளிகள் வருகிறார்களா? அப்போதும் வில்கின்சன் முறை பயன்படும். நேரடி வருகை பாய்சான் என்பதால் அதன் சராசரியும் விலக்க வர்க்கச் சராசரியும் ஒன்றே, அதாவது அதன் சுமை. இரண்டையும் வழிவின் எண்களோடு கூட்டி, கூர்மை எண்ணைப் புதிதாக எடுத்து, ராப் குறுக்குவழியில் தொடரலாம். ஆனால் வரும் தடை இருவருக்கும் சேர்ந்த சராசரி. வழிந்து வருபவர்கள் அதைவிட அதிகமாகவும் நேரடியாக வருபவர்கள் அதைவிடக் குறைவாகவும் திருப்பப்படுவார்கள்.